ஹோமரோட ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ கையால வரைஞ்ச காப்பி: வாங்கலாமா?

கேள்வி, 2 பிப்ரவரி 2024

ஹாலுக்கு பெரிய படம் ஒண்ணு மாட்டணும். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் வரைஞ்ச ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ எனக்கும் வீட்டுக்காரருக்கும் ரொம்ப பிடிக்கும். ஆன்லைன்ல முழுக்க கையால வரைஞ்ச ஆயில் பெயிண்டிங்னு போட்டு 250 டாலருக்கு தர்றாங்க. பிரிண்ட்னா 60 டாலர்ல முடிஞ்சிடும். கையால வரைஞ்ச காப்பின்னா அது போலி, பிரிண்ட்டாவது அசலோட போட்டோ, அதுதான் நேர்மைன்னு என் தம்பி சொல்றான். வாங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பதில், 3 பிப்ரவரி, இரவு

என்கிட்ட இருக்கு. இதே படம்தான். 2019ல மேரிலண்ட்ல வீடு மாறினப்போ ஆன்லைன் கடை ஒண்ணுல வாங்கினேன், கடை பேர் வேண்டாம், 220 டாலர். உங்க தம்பி சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா கடைக்காரங்க எழுதி வச்சிருக்கறதையும் அப்படியே நம்பிடாதீங்க.

சீனாவுல ஷென்ஜென்ல இருந்து அட்டைக் குழாய்க்குள்ள சுருட்டி வந்துச்சு. மூடியைத் திறந்ததும் ஆளி விதை எண்ணெய் வாசனை வீடு பூரா. அலையோட வெள்ளை நுரை இருக்கற இடத்துல பெயிண்ட் இன்னும் சரியா காயாம மேல போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்ல ஒட்டி, உரிச்சப்போ கொஞ்சம் பிஞ்சு வந்துடுச்சு. இருந்தாலும் ஃபிரேம் போட்டு மாட்டினதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். உடைஞ்ச படகு, பாய்மரம் முறிஞ்சு கிடக்கு, மேல ஒரு கறுப்பின மனுஷன் முழங்கையை ஊனி சாய்ஞ்சிருக்கார், சுத்தி சுறா. மூணு வருஷம் தினமும் காபி குடிச்சுக்கிட்டே அதைத்தான் பார்ப்பேன்.

2022ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல, சுருக்கமா மெட், ஹோமருக்குன்னு பெரிய கண்காட்சி நடந்துச்சு, ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும். குடும்பத்தோட போனோம். அசல் முன்னாடி போய் நின்னதும் பொண்ணு கேட்டா, “அப்பா, அங்க ஒரு கப்பல் இருக்கே, நம்ம வீட்டுல ஏன் இல்ல?”

இடது பக்கம் மேல, கடலும் வானமும் சேர்ற கோட்டுல, பால் மாதிரி வெளிறி ஒரு பாய்க்கப்பல். தூரத்துல போகுது. படகுல இருக்கறவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்ல, முகம் வேற பக்கம் திரும்பியிருக்கு. எங்க வீட்டுப் படத்துல அந்த இடத்துல மேகத் துணுக்கு மாதிரி ஒரு சாம்பல் தீத்தல், அவ்ளோதான். மூணு வருஷம் தினமும் பார்த்தும் அந்த படத்துல அப்படி ஒரு கப்பல் இருக்குன்னே எனக்கு தெரியாது. அவர் காப்பாத்தப்படுவாரா மாட்டாராங்கற கேள்வியே அந்த கப்பலை வச்சுதானே வருது, ஹோமர் ஆரம்பத்துல இருந்தே அதை அந்த நம்பிக்கைக்காகத்தான் வச்சிருக்கணும், அது இல்லாம நான் வேற ஏதோ படத்தை பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு அந்த ஹால்ல நின்னு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

4 பிப்ரவரி, காலை

நேத்து எழுத மறந்தது, இதுதான் வாங்கறவங்களுக்கு ரொம்ப முக்கியம். அளவு.

அசல் 71.4 செ.மீ. உயரம், 124.8 செ.மீ. அகலம். அகலம் உயரத்தைப் போல ஒண்ணே முக்கால் மடங்கு. கடைங்கள்ல கிடைக்கற ரெடிமேட் சைஸ் 24க்கு 36 இன்ச், அதாவது ஒன்றரை மடங்கு. 24 இன்ச் உயரத்துக்கு 42 இன்ச் அகலம் வரணும், 36லயே நிறுத்தினா 6 இன்ச் எங்கேயோ போயாகணும். ஒண்ணு ஓரத்தை வெட்டுவாங்க, இல்லன்னா படத்தை நெருக்கிப் பிடிச்சு வரைவாங்க. என்னோடதுல ரெண்டுமே நடந்திருக்கு. வலது பக்கம் தூரத்துல கடல்ல இருந்து மேகத்துக்கு எழும்பி நிக்கற நீர்ச்சுழல் தூண் ஒண்ணு இருக்கு, அது ஃபிரேமோட ஓரத்துல இடிச்சுக்கிட்டு நிக்குது. சுறாங்க எல்லாம் கொஞ்சம் குட்டையா குண்டா இருக்கு.

அதனால சைஸ் பட்டியல்ல இருந்து எடுக்காதீங்க. அசல் அளவைப் பார்த்து, அந்த விகிதத்துல உங்க சுவருக்கு என்ன வருதுன்னு கணக்கு போட்டு, அந்த அளவைச் சொல்லி ஆர்டர் கொடுங்க. கொஞ்சம் காசு கூட கேப்பாங்க, கொடுக்கலாம்.

6 பிப்ரவரி

கையால வரைஞ்சதுன்னு எப்படி தெரிஞ்சுக்கறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க.

பிரிண்ட் மேல கண்ணாடி மாதிரி ஜெல்லை பிரஷ்ஷால தடவி, தடவின தடம் தெரியற மாதிரி காய வச்சு, கையால வரைஞ்சதுன்னு விக்கறாங்க. என் நண்பர் ஒருத்தர் அப்படித்தான் ஏமாந்தார். 10 மடங்கு பெருசாக்கற லென்ஸ், நகைக்கடைல கண்ல வச்சு பார்ப்பாங்களே அது, இருந்தா போதும், பிரிண்ட்ல புள்ளிபுள்ளியா தெரிஞ்சிடும். லென்ஸ் இல்லன்னா லைட்டை ஒரு பக்கத்துல இருந்து சாய்வா அடிச்சுப் பாருங்க. ஜெல் தடம் ஒரு பக்கமா போகும், கீழ இருக்கற நிறம் வேற பக்கமா போகும், ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. நிஜ பெயிண்ட்ல மேடு எங்க இருக்கோ அங்க நிறமும் சேர்ந்து திரும்பும்.

இன்னொண்ணு, கேன்வாஸ் மடிச்சு ஆணி அடிச்சிருக்கற ஓரத்தைப் பாருங்க. வரையறவங்க கை அங்க கொஞ்சம் தாறுமாறா ஓடியிருக்கும், பிரஷ் துடைச்ச கறை இருக்கும். பிரிண்ட்ல கத்தியால வெட்டின மாதிரி நேரா முடியும்.

9 பிப்ரவரி

3ஆம் தேதி நான் எழுதினதுல ஒரு தப்பு இருக்கு, திருத்திடறேன்.

ஹோமர் அந்த கப்பலை ஆரம்பத்துலயே வைக்கலை. படம் 1899ல வரைஞ்சது. 1900ல ஃபிலடெல்ஃபியால காட்சிக்கு வச்சுட்டு, அப்புறம் திரும்ப எடுத்து வேலை பார்த்திருக்கார். அதுக்கு முன்னாடி எடுத்த பழைய போட்டோ ஒண்ணு இருக்கறதால என்னென்ன மாத்தினார்னு ஒப்பிட்டு பார்க்க முடியுது. கடலை மாத்தியிருக்கார், படகோட பக்கப் பலகையை உடைச்சிருக்கார், பாய்த்துணியை அது மேல தொங்க விட்டிருக்கார், படகோட பேர் ‘அன்னா, கீ வெஸ்ட்’னு படிக்கற மாதிரி தெளிவா எழுதியிருக்கார், கடைசியா அந்த கப்பல். மெட் மியூசியம் 1906லதான் வாங்குது.

இதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு குழப்பம். 1900ல ஃபிலடெல்ஃபியால அந்த படத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனவங்களும் கப்பல் இல்லாத படத்தைத்தான் பார்த்திருக்காங்க. அப்போ அவங்க பார்த்ததும் நான் மூணு வருஷம் பார்த்ததும் ஒண்ணான்னு கேட்டா, இல்ல. ஹோமர் வைக்காம விட்டது வேற, வச்சதை ஒருத்தர் கண்ணுல படாம போனது வேற. என் படத்துல உடைஞ்ச பலகையும் இருக்கு, படகு பேரும் அரைகுறையா இருக்கு, கப்பல் மட்டும் இல்ல. அப்படி ஒரு படத்தை ஹோமர் என்னைக்குமே வரையல.

படம் பார்த்த சில பெண்கள் அந்த மனுஷன் கதி என்ன ஆச்சுன்னு கேட்டதுக்கு ஹோமர் எரிச்சலோட எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு, அவர் காப்பாத்தப்பட்டு வீட்டுக்குப் போய் நல்லா இருப்பார்னு அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு. அது கோவத்துல எழுதினது, பதில் இல்லைன்னுதான் நான் நினைக்கறேன். பதில் சொல்ற ஆளா இருந்தா கப்பலை அவ்ளோ வெளிறலா வச்சிருக்க மாட்டார்.

10 பிப்ரவரி

கரும்பைப் பத்தி சொல்லாம விட்டுட்டேன்.

படகு மேல நீளமா தண்டு தண்டா கிடக்கும், அந்த மனுஷனைச் சுத்தி. என் காப்பியில அதெல்லாம் முறுக்குன கயிறு. நானும் கயிறுன்னுதான் நினைச்சேன், படகுன்னா கயிறு கிடக்கத்தானே செய்யும். மெட்ல கிட்ட போய் பார்த்தா கணு! கரும்பேதான். பொங்கலுக்குப் பொங்கல் கட்டிப்பிடிச்சு தூக்கிட்டு வந்தவனுக்கு கணுவைப் பார்த்தா தெரியாதா. பஹாமாஸ் பக்கம் 1884-85லயும் திரும்ப 1898லயும் போய் ஹோமர் வாட்டர்கலர்ல நிறைய வரைஞ்சிருக்கார், அந்தத் தண்ணியோட நிறம், அந்த மனுஷங்க, எல்லாம் நேர்ல பார்த்தது. கரீபியன்ல கரும்புன்னா அடிமைகள் வேலை பார்த்த தோட்டம். அந்த மனுஷன் சாப்பிட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். கயிறா மாறினதும் அவ்ளோ சரித்திரமும் படகுல இருந்து இறங்கிடுச்சு.

வரைஞ்சவரை நான் குறை சொல்லலை. தெற்கு சீனால கரும்பு நல்லா விளையும், அவருக்கும் கணு தெரிஞ்சிருக்கும். கடைக்காரங்க அவர் கைக்கு அனுப்பின படம் உள்ளங்கை அளவு இருந்திருக்கும், அதுல கணுவும் தெரியாது கப்பலும் தெரியாது. ஷென்ஜென்ல டாஃபென்னு ஒரு ஊர், ஹாங்காங்ல இருந்து ஹுவாங் ஜியாங்னு ஒரு ஓவியர் 1989ல வந்து ஆரம்பிச்சு வச்சது, அங்க ஒரே படத்துல ஒருத்தர் வானம் மட்டும் வரைவார், அடுத்தவர் முகம் மட்டும்னு வேலையைப் பிரிச்சு செய்யற வழக்கம் இருந்திருக்கு. எத்தனையோ பேர் வீட்டுச் சாப்பாடு அந்த பிரஷ்ல. என் படத்துல அலையோட உள்பக்கம் பச்சையும் நீலமும் கலக்கற ஒரு இடம் இருக்கு, ஒரே இழுப்புல போட்டது, அவ்ளோ அழகு. கைத்திறன் இல்லாம அது வராது. அவர் மெட்ல அசல் முன்னாடி பத்து நிமிஷம் நின்னிருந்தா கப்பலை விட்டிருக்கவே மாட்டார்.

14 பிப்ரவரி, இரவு

இப்போ உங்க தம்பி சொன்ன போலிங்கற வார்த்தைக்கு வர்றேன், ஒரு வாரமா மனசுல ஓடிட்டு இருக்கு.

போலின்னா அசல்னு சொல்லி ஏமாத்தி விக்கறது. காப்பி அது இல்ல. அமெரிக்காவுல ஓவியம் வளர்ந்ததே காப்பி பண்ணித்தான். தந்தி கண்டுபிடிச்ச சாமுவேல் மோர்ஸ் முதல்ல ஓவியர், தெரியுமா? 1831ல பாரிஸ் லூவர் மியூசியத்துல உக்காந்து 38 படத்தை சின்ன சின்னதா ஒரே கேன்வாஸ்ல காப்பி பண்ணினார், ஊர்ல இருக்கறவங்க ஐரோப்பாவுக்குப் போகாமலே பார்க்கட்டும்னு. இந்த ஹோமரே பாரிஸ் போயிட்டு வந்து, லூவர்ல ஈசல், அதாவது கேன்வாஸை நிறுத்தி வைக்கற தாங்கி, போட்டு காப்பி பண்ற மாணவர்களை வரைஞ்சார், 1868 ஜனவரி ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகைல மரச்செதுக்கு படமா வந்துச்சு. அதுல பெண்களும் உக்காந்து வரையறாங்க. இன்னொரு அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் மாட்ரிட் போய் பழைய ஸ்பானிஷ் ஓவியர் வெலாஸ்கெஸோட படங்களை காப்பி பண்ணினார். மெட் மியூசியம் 1872ல இருந்தே காப்பி பண்றவங்களுக்கு அனுமதி தருது. வாஷிங்டன் நேஷனல் கேலரிலயும் பார்த்திருக்கேன், தரையில துணி விரிச்சு, ஈசல் போட்டு, பின்னாடி பத்து பேர் நின்னு வேடிக்கை பார்க்க ஒரு அம்மா அமைதியா வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அசல் என்ன அளவோ அதே அளவுல வரைய விட மாட்டாங்க. கொஞ்சம் பெருசா இல்ல சின்னதா இருக்கணும். ஏமாத்தறதுக்கும் கத்துக்கறதுக்கும் நடுவுல அவங்க போட்டு வச்சிருக்கற கோடு அதுதான்.

இதைவிட பெரிய விஷயம் ஒண்ணு. அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1875ல வரைஞ்ச ‘கிராஸ் கிளினிக்’, ஃபிலடெல்ஃபியா சர்ஜன் சாமுவேல் கிராஸ் மாணவர்கள் முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருக்கற படம், கையில கத்தி, விரல்ல ரத்தம், எட்டடி உயரம். அமெரிக்க சுதந்திரத்தோட 1876 நூற்றாண்டு கண்காட்சியில ஓவிய மண்டபத்துல சேர்க்க மறுத்து ராணுவ ஆஸ்பத்திரி மாதிரி அமைச்ச இடத்துல மாட்டினாங்க. அதே படத்தை 2006-07ல ஃபிலடெல்ஃபியா ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு 6.8 கோடி டாலர் திரட்டி வாங்கினாங்க. அந்த படத்தை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரோ சுத்தம் பண்றேன்னு, ஈக்கின்ஸ் மேல பூசியிருந்த மெல்லிய இருட்டுப் பூச்சையும் சேர்த்து துடைச்சு எடுத்துட்டாங்க. பின்னாடி வாசல் பக்கம் நிக்கற ஆளுங்க அமைதியா இருட்டுல இருக்க வேண்டியவங்க, செக்கச்செவேல்னு முன்னாடி வந்து நின்னாங்க. 2010ல மறுபடி சரி பண்ணினப்போ எதைப் பார்த்து பண்ணினாங்க தெரியுமா? பழைய போட்டோ ஒண்ணு, அதோட ஈக்கின்ஸ் தன் கையாலயே கறுப்பு மைல போட்டு வச்சிருந்த காப்பி. அச்சுல வர்றதுக்காக வரைஞ்ச சின்ன காப்பி அது. அசல் கெட்டுப்போனப்போ காப்பிதான் சாட்சி சொல்லுச்சு. இதை உங்க தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

15 பிப்ரவரி

புரொஜெக்டர் வச்சு கோடு எடுக்கறது ஏமாத்து வேலைன்னு ஒரு நண்பர் எழுதியிருக்கார். நண்பரே, ஈக்கின்ஸே 1880கள்ல போட்டோவை கேன்வாஸ் மேல விழ வச்சு கோடு எடுத்திருக்கார், சின்ன சின்ன ஊசிக்கீறல் மாதிரி குறி போட்டு. பெயிண்டுக்குள்ள அந்தக் குறிங்க இருக்கறதை ஃபிலடெல்ஃபியா மியூசியம் ஆளுங்க கண்டுபிடிச்சு சொன்னாங்க. கோடு எப்படி வந்துச்சுங்கறது எனக்கு பெரிய விஷயமா படல. கோட்டுக்கு மேல நிறம் எப்படி உக்காருதுங்கறதுலதான் எல்லாம்.

19 பிப்ரவரி

கேட்டவங்களுக்கு சுருக்கமா.

அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வயத்தோட ‘கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்’ ஆயில் காப்பி வாங்காதீங்க. அது ஆயிலே இல்ல, முட்டை மஞ்சக்கருல நிறத்தைக் கலந்து பலகை மேல வரைஞ்ச டெம்பெரா, 1948. புல் ஒவ்வொண்ணும் முடி மாதிரி மெல்லிசா தனித்தனியா நிக்கறது அதனாலதான், அந்த வறண்ட தன்மையே போயிடும் ஆயில்ல. வயத் இறந்தது 2009, காப்பிரைட் உரிமைப் பிரச்சினையும் இருக்கு.

இன்னொரு அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரோட ‘நைட்ஹாக்ஸ்’ 1942, ஹாப்பர் 1967ல இறந்தார், ஐரோப்பால 2037 முடியற வரைக்கும் உரிமை உண்டு. அது போக நான் பார்த்த காப்பி எல்லாத்துலயும் பச்சை தப்பு. ஹாப்பரோட மனைவி ஜோ நோட்டுப் புத்தகத்துல ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதி வைப்பாங்க, இதுக்கு செர்ரி மரத்து கவுன்ட்டர், ஜன்னலுக்கு அடியில ஓடற ஜேட் பச்சை ஓடுன்னு எழுதியிருக்காங்க. ஜேட்! காப்பி எல்லாம் மெடிக்கல் ஷாப் போர்டு பச்சையில இருக்கு, போன் ஸ்கிரீனைப் பார்த்து வரைஞ்சா அப்படித்தான் ஆகும்.

ஹோமர் 1910லயே போயிட்டார், எந்தத் தொல்லையும் இல்ல. மெட் மியூசியம் 2017ல இருந்து உரிமை முடிஞ்ச படங்களோட பெரிய ஃபைலை இலவசமாவே தருது. அதை நீங்களே இறக்கி, வரையறவருக்கு அனுப்புங்க. கப்பல், கரும்பு, படகு பேர், நீர்ச்சுழல், இந்த நாலு இடத்தையும் தனித்தனியா பெருசாக்கி வெட்டி கூட வைங்க. வரைஞ்சு முடிச்சதும் அந்த நாலு இடத்தோட போட்டோவை வாங்கிப் பார்த்துட்டு மீதிப் பணம் கொடுங்க. அப்படி ஒத்துக்கற ஆள்கிட்ட 250 என்ன, 400 கொடுத்தாலும் தகும்னுதான் சொல்வேன்.

17 மார்ச்

காணோமேன்னு கேட்டீங்க. வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்.

இவ்ளோ பேசிட்டு ஒரு தடவை கையில பிரஷ் எடுத்துப் பார்க்கலன்னா சரியில்லைன்னு தோணுச்சு. பக்கத்து ஊர்ல சனிக்கிழமை ஆயில் கிளாஸ் எடுக்கற ஒரு பெரியவர்கிட்ட சேர்ந்திருக்கேன். முழு படம் வேண்டாம், ஒரு மூலை போதும்னார். நான் இடது மேல் மூலையைக் கேட்டேன், கப்பலும் கொஞ்சம் கடலும். பத்துக்கு எட்டு இன்ச் போர்டு.

முதல் நாள் வெறும் காவி நிறத்தை டர்பன்டைன்ல கரைச்சு போர்டு முழுக்க தேய்ச்சு துடைச்சோம். அடுத்த வாரம் இருட்டு வெளிச்சம் மட்டும். கீழ எண்ணெய் கம்மி, மேல போகப் போக எண்ணெய் கூட, இல்லன்னா பின்னாடி வெடிக்கும்னு ஒவ்வொரு வாரமும் சொல்றார். மூணாவது வாரம்தான் கடல். நான் நீலத்தை எடுத்தேன். அவர் கையைப் பிடிச்சு நிறுத்தி ஃபைலைப் பெருசாக்கி காட்டினார், அங்க நீலம் கம்மி, சாம்பல்ல ஊதா, அதுக்கு பக்கத்துல அழுக்குப் பச்சை, தூரத்துல இருந்து பார்க்கறப்போ அதெல்லாம் சேர்ந்து நீலமா தெரியுது. அஞ்சு வருஷமா பார்க்கற படம், அந்த இடத்துல ஊதா இருக்குன்னு கை வச்சப்போதான் தெரிஞ்சுது. பிரிண்ட் வாங்கி மாட்டியிருந்தா ஊதா அதுல இருந்திருக்கும், ஆனா யாரும் அதை ஒரு தடவை தேடி எடுத்து வச்சிருக்க மாட்டாங்க. காப்பி பண்றவர் ஒவ்வொரு இடத்துலயும் இது என்னன்னு தனக்குத்தானே கேட்டு ஒரு பதில் சொல்லியாகணும், தப்பா சொன்னாலும் சொல்லியாகணும். என் வீட்டுப் படத்துல மேகம்னு ஒரு பதில் இருக்கு. அவ்ளோதான் வித்தியாசம்.

18 மார்ச்

வீட்டுல இருக்கற காப்பியிலயே கப்பலை வரைஞ்சு சேர்த்துடலாமேன்னு ஒருத்தர் யோசனை சொல்லியிருக்கீங்க. நானும் யோசிச்சேன், ராத்திரி பிரஷ்ஷோட அது முன்னாடி போய் நின்னேன் கூட. மனசு வரல. அது அவர் வேலை. யாரோ ஒருத்தர் எத்தனையோ நாள் குனிஞ்சு உக்காந்து வரைஞ்சது, அதுல நான் கை வைக்கக் கூடாது.

21 ஏப்ரல்

கப்பல் போட்டாச்சு. மூணு தடவை போட்டு ரெண்டு தடவை துணியால துடைச்சேன். முதல் தடவை பாய் ரொம்ப வெள்ளையா வந்து பொம்மைக் கப்பல் மாதிரி முன்னாடி வந்துடுச்சு, ரெண்டாவது தடவை வானத்தோட கரைஞ்சு என் வீட்டு மேகமே திரும்ப வந்துடுச்சு. மூணாவது தடவை சாம்பல்ல துளி மஞ்சள் சேர்த்து, சின்ன பிரஷ்ல நாலு தொடல், பாய்க்கு மூணு, உடம்புக்கு ஒண்ணு, அதுக்கு மேல தொடாதேன்னு பெரியவர் பிரஷ்ஷை வாங்கி வச்சுட்டார்.

கொஞ்சம் தள்ளி நின்னா கப்பல். கிட்ட போனா நாலு தீத்தல். மெட்லயும் அப்படித்தான் இருந்துச்சுன்னு பொண்ணு சொல்றா. அந்த பெரிய படத்துக்கு இடது பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்கேன், நல்லா காயறதுக்கு இன்னும் நாளாகும், வார்னிஷ் ஆறு மாசம் கழிச்சு.

நீங்க ஆர்டர் கொடுத்தாச்சா? 42 இன்ச்னு சொன்னீங்களா?